உப்புக் காற்றிலும் அழியாத எழுத்து

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து 2024 மார்ச் 26-ஆம் தேதி பின்னிரவில் 'டாலி' என்ற சரக்குக் கப்பல் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. கொடி சிங்கப்பூருடையது; மாலுமிகளில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள். துறைமுகத்தைக் கடப்பதற்குள் கப்பலில் விளக்குகள் அணைந்தன. எஞ்சின் நின்றது. சுக்கான் பயனற்றுப் போயிற்று. எதிரே இருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் கப்பல் மோத, பாலம் சரிந்து நீரில் விழுந்தது. அதன்மீது சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் மாண்டனர்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆராய்ந்து, 2025 நவம்பரில் தன் முடிவை அறிவித்தது. கப்பலில் முதல் முறை மின்சாரம் போனதற்குக் காரணம் ஒரே ஒரு ஒயர். அந்த ஒயரை அடையாளம் காட்டுவதற்காக அதன்மேல் மாட்டியிருந்த பெயர்ப் பட்டை சரியான இடத்தில் அமையவில்லை. அதனால் ஒயரின் நுனி இணைப்புக் கட்டைக்குள் முழுவதுமாக நுழையாமல், நுழைந்ததுபோல் பாவனை காட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவு அது தளர்ந்தது. ஆயிரக்கணக்கான ஒயர்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்த வேலையை, ஈபில் கோபுரத்தில் தளர்ந்துபோன ஓர் ஆணியைத் தேடுவதற்கு ஒப்பிட்டார் வாரியத்தின் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி. (இரண்டாம் முறை மின்சாரம் போனதற்குக் காரணம் வேறு. அது எரிபொருள் பம்பு சம்பந்தப்பட்டது.)

இச்செய்தியைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒயருக்குப் பெயர்ச் சீட்டே மாட்டாமல் இருந்தால் தொல்லையில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கக்கூடும். அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. பெயர்ச் சீட்டை மாட்டியது குற்றமன்று. மாட்டிய விதம்தான் குற்றம். அது பெருங்கப்பலின் கதை என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. மும்பையின் படகுத் துறைகளில் ஏதாவது ஒரு மீன்பிடிப் படகில் ஏறி, சுக்கான் அறையில் ஸ்விட்ச் பலகையின் பின்புறத்தைத் திறந்து பார்த்தால், இந்தக் கதை நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்று விளங்கிவிடும்.

பலகைக்குப் பின்னே

கொலாபாவில் 1875-இல் கட்டப்பட்ட சசூன் டாக், மேற்கு இந்தியாவின் முதல் வணிகத் துறை என்ற பெருமையுடையது. இன்று அங்கே மீன்தான் எல்லாம். விடியற்காலையில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு, வரிசை வரிசையாகப் படகுகள் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சி பழக்கமாயிருக்கும். மரப் படகானாலும் பைபர் படகானாலும், அவற்றில் மின்சாரம் செய்யும் வேலை முன்னைவிடப் பல மடங்கு பெருகிவிட்டது. எஞ்சினைக் கிளப்ப பாட்டரி, முகப்பு விளக்கு, கம்பத்து விளக்குகள், அடித்தட்டில் சேரும் நீரை இறைக்கும் பம்பு, ஜி.பி.எஸ்., மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் கருவி, வயர்லெஸ் செட், படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், போதாததற்குப் பையன்களின் செல்போன்களுக்கு சார்ஜர். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒவ்வொருவர் வந்து மாட்டியது. ஒவ்வொருவரும் தம் கையில் அன்று இருந்த நிறத்து ஒயரை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழுதாகி எடுத்தெறிந்த கருவியின் ஒயர்கூட உள்ளேயே சுருண்டு கிடக்கும். அதில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ஒயர்களில் பெயர் இருக்குமா என்றால், சிலவற்றில் இருக்கும். சரியாகச் சொன்னால், இருந்த தடயம் இருக்கும். மஞ்சள் பூத்த காகித நாடாவில் பால்பாயிண்ட் பேனாவின் நீலக் கறை. இன்சுலேஷன் டேப்பின் வால் ஒன்று, பசை உருகிப் பிசுபிசுவென்று. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை எழுதியவர் வந்துதான் சொல்ல வேண்டும்.

எழுதியவர் எங்கே? அதுதான் கேள்வி. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் நம்மவர்களில் மின் வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் பதினைந்து வருஷம் ஒரே முதலாளியின் படகுகளைப் பார்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஒரு நாள் அவர் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரோடு போய்விடுகிறார். படகின் வரைபடமும் அவரோடு ரயிலேறிவிடுகிறது. அடுத்து வருபவர் எல்லா ஒயரையும் ஒவ்வொன்றாகத் துண்டித்து, இணைத்து, மறுபடி துண்டித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கரையில் நிற்கும்போது அது பணச் செலவு, நாட்செலவு. நடுக்கடலில், இரவில், அடித்தட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது பம்பு ஓடவில்லை என்றால்?

ஆகவே ஒயரின் பெயர் எழுதியவருக்காக அல்ல; அவருக்கு அது தேவையே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர், டார்ச் வெளிச்சத்தில், ஆடும் படகில், ஈரக் கையோடு படிப்பதற்காக அது எழுதப்படுகிறது.

இது கற்பனை அன்று. 2017-இல் ஒக்கிப் புயல் வீசியபோது, கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த பல படகுகள் காற்றோடு வடக்கே ஒதுங்கி, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துத் தேவ்கட் துறைமுகத்தில் அடைக்கலம் புகுந்தன. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் கொச்சியிலிருந்து குஜராத் வரை அரபிக் கடல் முழுதும் தொழில் செய்பவர்கள். அப்படிப்பட்ட படகு எந்தத் துறையில் பழுதாகி நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? அதைத் திறந்து பார்க்கப்போகும் மின்பணியாளர் பேசும் மொழியே வேறாக இருக்கும்.

ஏன் அழிகிறது?

வீட்டில் மெயின் போர்டில் ஒட்டிய சீட்டு இருபது வருஷம் இருக்கிறது. படகில் ஏன் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை?

உப்பு முதல் எதிரி. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே ஒரு முறை கடல்நீர் தெறித்த இடம் முழுதாகக் காய்வதே இல்லை. காகிதம் ஊறுகிறது, பசை விடுகிறது. இரண்டாவது எதிரி டீசல். எஞ்சின் அறையில் எல்லாவற்றின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். 'பெர்மனென்ட்' என்று போட்டு விற்கும் மார்க்கர் பேனாவின் மை தண்ணீருக்கு அசையாது. ஆனால் டீசல் துணியால் ஒரு முறை துடைத்தால் போய்விடும். மூன்றாவது வெயில். கம்பத்தில் ஏறும் ஒயரில் சிவப்பு மையில் எழுதியது முதலில் வெளுக்கும். கறுப்பு சற்றுத் தாமதிக்கும். வெள்ளை நைலான் கட்டுப் பட்டை வெயிலில் நொறுங்கும். கரி கலந்த கறுப்புப் பட்டை நெடுநாள் தாங்கும். கடை ரசீதுபோல் சூட்டினால் அச்சாகும் சாதாரண சீட்டுகளை எஞ்சின் அறையில் ஒட்டினால், அந்தச் சூடே எழுத்தைக் கெடுத்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறம் உதவும், போதாது. நம் நாட்டில் வீட்டு ஒயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். படகின் பாட்டரி ஒயரிங்கிலோ கறுப்பு என்றால் மைனஸ். 24 வோல்ட் பாட்டரியோடு 230 வோல்ட் ஜெனரேட்டரும் இருக்கும் படகில் இந்த இரண்டு கறுப்பும் ஒரே கட்டில் கலந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே கறுப்பு மாறுமின்சாரத்தில் நேரடியாக உயிருள்ள ஒயர். அதனால்தான் அங்கே படகுகளுக்கு விதிமுறை வகுக்கும் மன்றம், பாட்டரி மைனஸுக்குக் கறுப்புக்குப் பதில் மஞ்சளைப் பரிந்துரைக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் லோஹார் சாலில் அன்றைக்கு மஞ்சள் ஒயர் கிடைக்கவில்லை என்றால் நம்மவர் பச்சையை வாங்கிக்கொண்டு போவார் என்பதும் உண்மை. கிரீஸ் படிந்து இரண்டு வருஷமான பிறகு மஞ்சளும் கறுப்புதான்.

தாங்கும் வழி

பல முறைகள் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் சிறு படகுகளுக்கு மிக உகந்தது, எழுத்தைத் திறந்த வெளியில் விடாமல் குழாய்க்குள் மூடிவிடும் முறை. சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு; கடையில் 'ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்' என்று கேட்க வேண்டும். அதில் நிறமற்ற, கண்ணாடிபோல் தெரியும் ரகம் கிடைக்கிறது. ஒயரின்மேல் எண்ணைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் இந்தக் குழாயை நகர்த்தி, சூடான காற்று வீசும் துப்பாக்கியால் சுருக்கிவிட்டால், எழுத்து கண்ணாடிக்குள் வைத்த படம்போல் நிற்கும். டீசல் படாது, உப்பு படாது, விரல் உரசாது. கிழிக்காமல் எடுக்கவும் முடியாது.

இதில் உட்புறம் பசை பூசிய ரகத்தை வாங்குவது நல்லது. சுருங்கும்போது பசை உருகி, குழாயின் வாயில் ஒரு வளையமாகக் கசிந்து உறையும். இதனால் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. பல இழைகளாலான செப்பு ஒயரின் வெட்டுவாயில் கடல்நீர் பட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழைகளுக்கிடையே உள்ளே ஏறிவிடும். மேலே இன்சுலேஷன் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு களிம்பேறிப் பச்சையாகி, பிறகு கறுத்து, தொட்டால் உதிரும். வெள்ளீயம் பூசிய செப்பு ஒயர் இதை நெடுநாள் தடுக்கும் என்பதால்தான் படகுகளுக்கு அதைச் சிபாரிசு செய்கிறார்கள். அதோடு, லக் அடித்த இடத்தையும் ஒயரின் கழுத்தையும் சேர்த்துப் பசைக் குழாயால் மூடிவிட்டால் நீர் நுழைய வழியில்லை. லக் ஒயரைவிடத் தடிமனாக இருப்பதால், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் குழாய் வேண்டும். பாதியாகச் சுருங்குவது லக்கைத் தாண்டி நுழைந்தாலும் ஒயரைப் பிடிக்காது.

சூடு காட்ட சிகரெட் லைட்டரை எடுப்பது பலருடைய பழக்கம். கரையில், திறந்த வெளியில் சரி. பாட்டரிப் பெட்டிக்கு அருகில் கூடவே கூடாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். சமையல் காஸ் சிலிண்டரும் அதே தட்டில்தான் இருக்கும்.

தொழிற்சாலைகளிலும் கண்ட்ரோல் பேனல்களிலும் 'பெரூல்' என்று சொல்லும் எண் வளையங்களைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பிளாஸ்டிக்கில் கறுப்பு எண் அச்சிட்ட சிறு மணிகள். அவையும் நல்லவைதான், மலிவும்கூட. ஆனால் பசையில்லாததால் ஒயரில் அங்குமிங்கும் வழுக்கும். இணைப்பைக் கழற்றினால் நழுவிக் கீழே விழும். மேலே பசைக் குழாய் போட்டுவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், வளையமோ குழாயோ லக் அடிப்பதற்கு முன்பே ஒயரில் கோத்திருக்க வேண்டும். இதை மறக்காத வேலைக்காரன் இன்னும் பிறக்கவில்லை. எந்தப் பணிமனையிலும் இந்தப் பேச்சு காதில் விழும்:

"அண்ணாச்சி, பெரூல் கோக்காம லக்க அடிச்சிட்டேன்."

"அப்ப என்னலே பாத்துக்கிட்டு நிக்க? வெட்டிட்டு மறுபடி அடி."

ஒரு அங்குல ஒயரும் ஒரு லக்கும்தான் நஷ்டம். "பரவாயில்லை, டேப்பில் எழுதி ஒட்டிவிடலாம்" என்று சொல்லும் அண்ணாச்சியிடம் வேலை பழகினால்தான் பெருநஷ்டம்.

உலோக வில்லைகளை விரும்புபவர்களும் உண்டு. பாட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கட்டை விரல் தடிமனுள்ள கேபிளுக்கு அது பொருந்தும். எண்ணைக் குத்திப் பதித்துவிட்டால் அழிவதற்கு மை ஏது? அலுமினியம் வேண்டாம், உப்பில் வெண்பொடியாகப் பூத்துவிடும். பித்தளை பச்சை பிடித்தாலும் எண் நிற்கும். எவர்சில்வரில் 304-ஐவிட 316 என்ற ரகமே கடலுக்கு ஏற்றது. ஆனால் பாட்டரி முனைகளுக்குப் பக்கத்தில் எந்த உலோக வில்லையும் தொங்கக் கூடாது. ஆடும் படகில் அது இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால், பெயர் சொல்ல வந்த வில்லையே படகுக்குத் தீ வைத்துவிடும்.

எழுதுவதற்கு மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பென்சில் போதும். கடலடியில் மூழ்கி வேலை செய்பவர்கள் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால்தான் குறிப்பெழுதுகிறார்கள். பென்சிலின் கரி தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது, டீசலிலும் கரையாது. உரசினால்தான் அழியும், குழாய்க்குள் இருந்துவிட்டால் உரசுவது எது?

என்ன எழுதுவது, எங்கே மாட்டுவது

ஒரு படகில் மராத்தி பேசும் தண்டேல் இருப்பார். தெலுங்கும் இந்தியும் தமிழும் பேசும் பையன்கள் இருப்பார்கள். (இந்தத் 'தண்டேல்' என்ற சொல்லைக் கேட்டால், தோணித் தலைவரைத் தண்டல் என்றழைக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கு வீட்டு ஞாபகம் வரும்.) ஒயரில் எந்த மொழியில் எழுதுவது? எந்த மொழியிலும் வேண்டாம், எண் போடுங்கள். விளக்குகளுக்கு 101 முதல், பம்புகளுக்கு 201 முதல், கருவிகளுக்கு 301 முதல் என்று வைத்துக்கொண்டால் எண்ணைப் பார்த்ததும் இனம் தெரியும். பின்னால் புதிய ஒயர் சேர்க்கவும் இடமிருக்கும். எடுத்துப் போட்ட ஒயரின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். 6-ஐயும் 9-ஐயும் தலைகீழாகப் படித்து ஏமாறாமல் இருக்க, அடியில் ஒரு கோடு அவசியம். 106 என்பதைத் திருப்பிப் பிடித்தால் 901. கோடில்லாவிட்டால் எது சரி என்று ஒயர் சொல்லாது.

கம்பத்து விளக்குகளில் இந்த எண்கள் உயிர் காக்கும். இழுவலை இழுக்கும் படகு இரவில் மேலே பச்சையும் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். வேறு வகை மீன்பிடியில் இருக்கும் படகு மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். இது சர்வதேச விதி. கம்பத்தை இறக்கிப் பழுது பார்த்து மறுபடி நிறுத்தும்போது அடியில் இரண்டு ஒயர் மாறிப்போனால், தண்டேல் சரியான ஸ்விட்சைத்தான் போடுவார். கம்பமோ வேறு சேதி சொல்லும். மும்பைத் துறைமுகத்தையும் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தையும் நோக்கி வரும் கப்பல்கள், பின்னால் வலை கிடக்கிறதா என்பதை அந்த விளக்கைப் பார்த்துத்தான் கணிக்கின்றன.

இன்னொரு ஒயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடித்தட்டில் நீர் ஏறினால் தானே ஓடும் பம்பின் ஒயர், மெயின் ஸ்விட்சை நம்பாமல், தனக்கென ஒரு பியூஸோடு நேரே பாட்டரியிலிருந்து போக வேண்டும். இல்லாவிட்டால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படகைக் கட்டிப்போட்டு வீட்டுக்குப் போன இரவில், பம்பும் தூங்கிவிடும். இந்த விவரம் தெரியாத ஒருவர், "இது என்ன, ஸ்விட்ச் இல்லாமல் ஒரு ஒயர்?" என்று அதைக் கழற்றி வைப்பது நடக்கக்கூடியதே. ஆகவே இதற்கு மட்டும் எண் போதாது. சிவப்புக் குழாயும், "கழற்றாதே" என்று மராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தும் தேவை.

மாட்டுமிடம் எது? ஒயரின் இரு முனைகளிலும் வேண்டும். தடுப்புப் பலகையைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் இரு பக்கமும் வேண்டும். முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். இங்கேதான் 'டாலி' கப்பல் நமக்குப் பயன்படுகிறது. சீட்டு நுனிக்கு வெகு அருகில் இருந்தால், அது இணைப்பின் வாயில் தட்டி, ஒயர் முழுதாக உள்ளே போவதைத் தடுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆகவே மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லது, கடலில் வருவதற்குப் பதில் கரையிலேயே வந்துவிட்டது. ஒட்டுவதற்கு முன் ஒயரை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் படலத்தை நீக்குவதும் எழுத்தைப் படிப்பவர் பக்கம் திருப்பி வைப்பதும் சின்ன வேலைகள்.

எண்ணுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் ஒன்று சுக்கான் அறையில் இருக்க வேண்டும். அதை லாமினேட் செய்யும்போது காகிதத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அந்த வெட்டுவாய் வழியாக ஈரம் நுழைந்து ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நான்கு பக்கமும் அரை அங்குலம் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கட்டும். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படகு மூழ்கும் நிலையில் செல்போனும் நனைந்திருக்கும் என்பதை நினைவில் கொள்க.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. எஞ்சின் பழுது, வர்ணம், வலை பின்னுதல் எல்லாம் அந்த நாட்களில்தான். ஒயருக்கு எண் போடவும் அதுவே தருணம். ஆனால் ஜூலைக் கடைசி வாரத்தில் கூப்பிட்டால் மின்பணியாளர் கிடைக்கமாட்டார்; கிடைத்தாலும், நாரியலி பௌர்ணமிக்குத் தேங்காய் வாங்கும் அவசரத்தில் முதலாளி "விளக்கு எரிகிறதா, போதும்" என்று அனுப்பிவிடுவார். ஜூன் நடுவிலேயே, மழை கொட்டும் பகல் ஒன்றில், இருவர் உட்கார வேண்டும்: ஒருவர் ஒயரைப் பிடிக்க, மற்றவர் பென்சிலைப் பிடிக்க.